கட்டுவதும் அவிழ்ப்பதும்: கொரோனா வைரஸின் கருவுறைப் புரதம்

கொரோனா வைரஸின் உருவத்தை அறியாதவர் இன்று அரிது. 2020 ஆம் ஆண்டு முதல் சுவரொட்டிகளிலும் தொலைக்காட்சித் திரைகளிலும் பாடசாலைப் பிள்ளைகளின் சித்திரங்களிலும் அது முட்கள் நிறைந்த ஓர் உருண்டையாகவே காட்சியளித்து வந்துள்ளது. அதற்குப் பெயரைத் தந்தவையும் அம்முட்களே. 1960களில் ஜூன் அல்மெய்டா என்ற பெண் ஆய்வாளர் இலத்திரன் நுணுக்குக்காட்டியினூடாக இவ்வகை வைரஸ்களைப் படம்பிடித்தபோது, அவற்றைச் சூழ்ந்திருந்த முட்களின் வரிசை சூரியனின் ஒளிவட்டத்தை நினைவூட்டியது. அதனாலேயே 1968 இல் இக்குடும்பத்துக்குக் ‘கொரோனா’ எனும் பெயர் சூட்டப்பட்டது. பின்னர் உருவாக்கப்பட்ட பெரும்பாலான தடுப்பூசிகளும் இம்முள்ளையே இலக்காகக் கொண்டன.

ஆயினும், பெருந்தொற்றுக் காலத்தில் நமது அன்றாட வாழ்வின் பல முடிவுகளைத் தீர்மானித்தது முள் அன்று. மூக்கினுள் பஞ்சுக்குச்சியைச் செலுத்தி, சிறியதோர் அட்டையைப் பார்த்தவாறு பதினைந்து நிமிடங்கள் காத்திருந்த அனுபவம் நம்மில் அநேகருக்கு உண்டு. அவ்வட்டையில் இரண்டாவது கோடு தோன்றினால் மகன் தாயின் அறைக்குள் நுழையவில்லை. மணவீட்டுக்குச் செல்லவிருந்தவர் தம் வீட்டிலேயே தங்கினார். தோன்றாவிடின், ‘எனக்கு நோயில்லை’ என்ற நிம்மதியோடு பலர் வெளியே சென்றனர். அந்நிம்மதி எல்லா வேளைகளிலும் நியாயமானதாக இருக்கவில்லை.

அக்கோடு எதனைக் கண்டு தோன்றியது? பெரும்பாலான விரைவு அன்டிஜன் பரிசோதனைகள் தேடுவது வைரஸின் வெளியே துருத்தி நிற்கும் முள்ளை அன்று. அதன் உள்ளே மறைந்திருக்கும் வேறொரு புரதத்தையே. ‘நியூக்ளியோகெப்சிட்’ எனப்படும் அதனை இக்கட்டுரையில் நாம் ‘கருவுறைப் புரதம்’ என அழைப்போம். அதன் கட்டமைப்பையும் தொழிற்பாட்டையும் விளங்கிக்கொண்டால், அக்கோடு நமக்குச் சொன்னது என்ன, சொல்லாமல் விட்டது என்ன என்பதும் விளங்கும்.

நீண்ட செய்தியும் சிறிய பொதியும்

வைரஸ் தானாக வாழும் ஆற்றலற்றது. சுருங்கக் கூறின், அது ஒரு செய்தியும் அச்செய்தியைச் சுமந்து செல்லும் பொதியுமாகும். கொரோனா வைரஸின் செய்தி ஆர்.என்.ஏ எனும் கரு அமில இழையில் நான்கு இரசாயன எழுத்துகளால் எழுதப்பட்டுள்ளது. கோவிட்-19 ஐ ஏற்படுத்தும் வைரஸின் முதலாவது மாதிரி இழையில் இருந்த எழுத்துகள் 29,903. போலியோ வைரஸின் செய்தி ஏறத்தாழ 7,500 எழுத்துகளைக் கொண்டது. இன்ஃபுளுவென்சாவின் செய்தி ஏறத்தாழ 13,500 எழுத்துகளைக் கொண்டிருந்தும் எட்டுத் துண்டுகளாகப் பிரிந்தே இருக்கிறது. கொரோனா வைரஸோ முப்பதாயிரம் எழுத்துகளையும் அறுபடாத ஒரே இழையாகச் சுமக்கிறது. ஆர்.என்.ஏ வைரஸ்களுள் மிக நீண்ட செய்தியை உடையவற்றுள் இதுவும் ஒன்று.

இங்கேதான் பிரச்சினை எழுகிறது. இவ்விழையை நேராக நீட்டினால் அது ஏறத்தாழ 10,000 நனோமீற்றர் நீளமிருக்கும். வைரஸின் விட்டமோ ஏறத்தாழ 100 நனோமீற்றரே. பத்து மீற்றர் நீளமான நூலைப் பத்துச் சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருண்டையினுள் அடைப்பதற்கு இதனை ஒப்பிடலாம். சாதாரண நூலாயின் அது கடினமான காரியமன்று. ஆனால், ஆர்.என்.ஏ இழையின் முதுகெலும்பு முழுவதும் மறை ஏற்றம் கொண்ட பொஸ்பேட் கூறுகளால் ஆனது. ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்பது பாடசாலையில் நாம் கற்ற பௌதிக விதி. எனவே இவ்விழை தன்னைத்தானே விலக்கிக்கொண்டு விரியவே முனையும். மேலும், எவ்வாறேனும் திணித்துவிட்டால் போதாது. புதிய கலம் ஒன்றினுள் நுழைந்ததும் அது சிக்கலின்றி அவிழவும் வேண்டும். அவிழாத செய்தியை எவராலும் வாசிக்க முடியாது.

வைரஸின் உடலமைப்பில் பங்குகொள்ளும் புரதங்கள் நான்கு. முட்புரதம் கலத்தின் வாயிலைத் திறக்கிறது. மென்சவ்வுப் புரதமும் வெளியுறைப் புரதமும் பொதியின் புறச்சுவரை அமைக்கின்றன. நான்காவதான கருவுறைப் புரதமே செய்தியைச் சுற்றி ஒடுக்கிக் காப்பது. ஒரு வைரஸ் துகளினுள் இப்புரதத்தின் பல நூறு முதல் ஆயிரம் வரையிலான பிரதிகள் இருப்பதாக மதிப்பிடப்படுகின்றது.

இவை செய்தியை எவ்வாறு அடுக்குகின்றன என்பதை 2020 ஆம் ஆண்டில் சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்திலும் ஜேர்மனியின் ஹைடெல்பேர்க்கிலும் பணியாற்றிய குழுக்கள் தனித்தனியே கண்டன. வைரஸை உறைநிலையில் வைத்துப் பல கோணங்களில் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் படம்பிடித்தபோது, அதனுள் முப்பது முதல் நாற்பது வரையான சிறு முடிச்சுகள் தென்பட்டன. ஒவ்வொரு முடிச்சும் ஏறத்தாழ 15 நனோமீற்றர் அளவினது. ஏறத்தாழ 800 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏத் துண்டு ஒவ்வொன்றும் கருவுறைப் புரதங்கள் சிலவற்றோடு சேர்ந்து ஒரு முடிச்சாகிறது. நூலில் கோத்த மணிகள் போல இம்முடிச்சுகள் ஒரே இழையில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. முழு இழையையும் ஒரே சுருளாகச் சுற்றாமல் மணி மணியாக ஒடுக்கியிருப்பதால் அது சிக்கலின்றி அவிழ இடமுண்டாகிறது.

புரதத்தின் உறுப்புகள்

இனி இப்புரதத்தின் கட்டமைப்பை நோக்குவோம். அது 419 அமினோ அமிலங்கள் வரிசையாக இணைந்த சங்கிலியாகும். இச்சங்கிலியில் உறுதியாக மடிந்து நிலையான வடிவம் பெற்ற பகுதிகள் இரண்டே. அவற்றின் முன்னும் பின்னும் இடையிலுமாக மூன்று தளர்ந்த பகுதிகள் உள்ளன. இவற்றுக்கு நிலையான வடிவம் எதுவுமில்லை; அவை நீரில் மிதக்கும் கயிறு போலக் கணத்துக்குக் கணம் நெளிந்துகொண்டிருக்கும். முழுப் புரதத்தின் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இவ்வாறு தளர்ந்ததே.

முதலாவது உறுதியான பகுதி, ஏறத்தாழ 45 ஆம் அமினோ அமிலத்திலிருந்து 175 ஆம் அமினோ அமிலம் வரை நீள்கிறது. இதன் வடிவத்தை ஆய்வாளர்கள் மனிதனின் வலக்கைக்கு ஒப்பிடுவர். அதில் உள்ளங்கை, மணிக்கட்டு, நீண்டு நிற்கும் ஒரு விரல் ஆகியவற்றை இனங்காணலாம். விரலும் உள்ளங்கையும் நேர் ஏற்றம் கொண்ட அமினோ அமிலங்களால் நிறைந்தவை. மறை ஏற்றம் கொண்ட ஆர்.என்.ஏ இழை அவற்றால் ஈர்க்கப்பட்டு அக்கையில் அமர்கிறது. தன்னைத்தானே விலக்கும் இழையை ஒடுக்குவது எங்ஙனம் என்று மேலே எழுந்த வினாவுக்கு இதுவே முதல் விடை.

இரண்டாவது உறுதியான பகுதி, ஏறத்தாழ 247 இலிருந்து 364 வரை உள்ளது. இது தனித்து நிற்பதில்லை. ஒரு புரதத்தின் இப்பகுதி தன் இழைகளில் ஒரு மடிப்பை மற்றப் புரதத்துக்குக் கொடுத்து, அதன் மடிப்பைத் தான் பெற்றுக்கொள்கிறது. இருவர் இரு கைகளாலும் முஸாபஹாச் செய்யும்போது ஒருவர் கை மற்றவர் கைகளுக்கிடையே அமைவதை ஒத்தது இவ்விணைப்பு. ஆகவே கருவுறைப் புரதத்தின் அடிப்படை அலகு ஒன்று அன்று. பிரிக்கவியலாதவாறு பிணைந்த இரண்டு. இவ்விணையின் மேற்பரப்பிலும் நேர் ஏற்றம் கொண்ட பள்ளமொன்று உண்டு; ஆர்.என்.ஏ அங்கும் பற்றிக்கொள்கிறது. இணைகள் மேலும் ஒன்றோடொன்று சேர, மேலே கூறிய மணிகள் உருவாகின்றன. சங்கிலியின் இறுதிப் பகுதி மென்சவ்வுப் புரதத்தைப் பற்றுவதில் பங்குகொள்கிறது. இவ்வாறு செய்தியானது பொதியின் சுவரோடு சேர்க்கப்படுகிறது.

தளர்ந்த பகுதிகளைப் பயனற்ற இடைவெளிகள் எனக் கருதுதல் தவறாகும். படிகங்களைக் கொண்டு புரதங்களின் வடிவத்தை அறியும் முறையில் இவை தென்படுவதில்லை. ஓரிடத்தில் நில்லாததைப் படம்பிடிப்பது அரிது. ஆயினும் இப்புரதத்தின் நுட்பமான தொழில்கள் பல இவற்றிலேயே தங்கியுள்ளன. இவற்றுள் இரு உறுதியான பகுதிகளுக்கும் இடையிலுள்ள இணைப்பே முதன்மையானது. அதில் 176 முதல் 206 வரையான 31 அமினோ அமிலங்களுள் 14 செரின்; 6 ஆர்ஜினின். ஒரே வகையான அமினோ அமிலம் இத்துணை நெருக்கமாகக் குவிந்திருப்பது தற்செயலானதன்று.

கட்டும் நிலையும் அவிழும் நிலையும்

கருவுறைப் புரதம் ஒன்றுக்கொன்று முரணான இரு பணிகளைச் செய்ய வேண்டியுள்ளது. வைரஸ் கலத்தினுள் பெருகும் வேளையில் செய்தி திறந்திருக்க வேண்டும். கலத்தின் பொறிகள் அதனை வாசிக்கவும் பிரதி எடுக்கவும் வேண்டும். புதிய வைரஸ் உருவாகும் வேளையிலோ அதே செய்தி இறுக மூடப்பட வேண்டும். ஒரே புரதம் எப்போது தளர்வது, எப்போது இறுக்குவது என்பதை எவ்வாறு ‘அறிகிறது’?

விடை அந்தச் செரின்களில் உள்ளது. கலத்தின் நொதியங்கள் சில செரின் மீது பொஸ்பேட் கூறு ஒன்றைப் பதிக்கும் ஆற்றலுடையவை. பொஸ்பேட் மறை ஏற்றம் கொண்டது. பதினான்கு செரின்களுள் பலவற்றில் அது பதிக்கப்பட்டதும், நேர் ஏற்றம் மிகுந்திருந்த இணைப்புப் பகுதியின் இயல்பு மாறுகிறது, ஆர்.என்.ஏ மீதான பிடி தளர்கிறது. பொஸ்பேட் இல்லாத புரதம் இறுகக் கட்டுகிறது; பொஸ்பேட் பதிந்த புரதம் இளகி நிற்கிறது. சென் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டேவிட் மோர்கனின் ஆய்வுகூடம் 2020 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வேறுபாட்டை நேரடியாகக் காட்டியது. கருவுறைப் புரதத்தையும் ஆர்.என்.ஏயையும் நீரில் கலந்தபோது, எண்ணெய்த் துளிகள் நீரில் பிரிந்து நிற்பது போல அவை தனித் துளிகளாகத் திரண்டன. பொஸ்பேட் இல்லாத புரதத்தின் துளிகள் பாகு இறுகியது போன்ற நிலையை அடைந்தன. பொஸ்பேட்டுக்கு ஒப்பான மறை ஏற்றம் ஊட்டப்பட்ட புரதத்தின் துளிகளோ ஒன்றோடொன்று கலந்து ஓடும் திரவமாகவே இருந்தன. முன்னைய நிலை பொதிகட்டுவதற்கு உகந்தது. பின்னைய நிலை பிரதி எடுப்பதற்கு உகந்தது.

குறிப்பிடத்தக்க விடயம் யாதெனில், பொஸ்பேட்டைப் பதிக்கும் நொதியங்கள் வைரஸுக்குச் சொந்தமானவையல்ல, அவை நம்முடையவை. ஜீ.எஸ்.கே-3 எனும் நொதியம் அவற்றுள் ஒன்று. அது சார்ஸ் வைரஸின் கருவுறைப் புரதத்திலும் தொழிற்படுவதை 2009 இல் வெளியான ஆய்வு காட்டியிருந்தது. மனநோய்ச் சிகிச்சையில் நெடுங்காலமாகப் பயன்படும் லிதியம் இந்நொதியத்தைத் தடுக்கக்கூடியது. லிதியம் உட்கொள்வோரிடையே கோவிட் தொற்று ஒப்பீட்டளவில் குறைவாகக் காணப்பட்டதாக 2021 இல் ஐக்கிய அமெரிக்காவின் மருத்துவப் பதிவுகளைப் பரிசீலித்த ஆய்வொன்று தெரிவித்தது. பதிவுகளைப் பின்னோக்கிப் பார்க்கும் ஆய்வு காரணத்தை நிறுவுவதில்லை. லிதியமோ அளவு சிறிது மிகினும் நஞ்சாகும் மருந்து. எனவே இதனைச் சிகிச்சையாகக் கொள்வதற்கில்லை; புதிய மருந்துகளைத் தேடுவோருக்கு ஒரு திசைகாட்டியாக மாத்திரமே கொள்ளலாம்.

உட்பணிகள்

கலத்தினுள் இப்புரதத்தின் பணி பொதிகட்டுவதோடு நின்றுவிடுவதில்லை. கொரோனா வைரஸ்கள் கலத்தின் மென்சவ்வுகளை மடித்து இரட்டைச் சுவருள்ள சிறு அறைகளை அமைத்து, அவற்றினுள்ளே தம் செய்தியைப் பிரதி எடுக்கின்றன. அவ்வறைகளின் சுவரில் அமையும் துளைகளின் முக்கிய உறுப்பான வைரஸ் புரதமொன்றைக் கருவுறைப் புரதம் பற்றிக்கொள்கிறது. ஆகவே உள்ளிருந்து வெளிவரும் புதிய இழைகளைப் பெற்றுக்கொள்ள அது வாயிலிலேயே காத்திருப்பதாகக் கருதப்படுகின்றது. ஆய்வுகூடத்தில் கொரோனா வைரஸின் ஆர்.என்.ஏயை மாத்திரம் கலத்தினுள் செலுத்துவதைவிட, கருவுறைப் புரதத்துக்கான செய்தியையும் சேர்த்துச் செலுத்தும்போது வைரஸ் மிகச் சிறப்பாக உருவாகிறது என்பது இத்துறையினர் நெடுங்காலமாக அறிந்த உண்மை.

இன்னொரு பணி நமது பாதுகாப்பை முடக்குவதாகும். அந்நிய ஆர்.என்.ஏ கலத்தினுள் நுழைந்தால் அதனை உணர்ந்து, இன்டர்பெரோன் எனும் அபாய அறிவிப்பை எழுப்பும் ஏற்பாடு நம் கலங்களில் உண்டு. கருவுறைப் புரதம் இவ்வேற்பாட்டின் தொடக்கக் கண்ணிகளில் குறுக்கிட்டு அறிவிப்பைத் தாமதப்படுத்துகிறது. நெருக்கடி வேளையில் கலம் தன் ஆர்.என்.ஏக்களை ஒதுக்கி வைக்கும் மணிகளின் மையப் புரதத்தையும் அது பற்றி, அம்மணிகள் திரள்வதைக் குலைக்கிறது. இதற்கு அது பயன்படுத்துவது சங்கிலியின் தொடக்கத்திலுள்ள தளர்ந்த பகுதியில் நான்கே அமினோ அமிலங்களை.

மாறியதும் மாறாததும்

கொரோனா வைரஸ்களால் மனித சமுதாயம் இந்நூற்றாண்டில் மூன்று தடவைகள் பெரும் அச்சுறுத்தலுக்கு உள்ளானது. 2003 இல் பரவிய சார்ஸ் நோயின் காரணி கொரோனா வைரஸே என்பதை ஹொங்கொங்கில் முதன்முதலில் நிறுவிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவர், கண்டியில் பிறந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற மலிக் பீரிஸ். 2012 இல் ஜித்தாவின் மருத்துவமனையொன்றில் நோயாளி ஒருவரிடமிருந்து மேர்ஸ் வைரஸை இனங்கண்டவர் எகிப்திய வைரஸியலாளர் அலி முஹம்மத் ஸகி. மூன்றாவது, 2019 இன் இறுதியில் சீனாவின் வூஹான் நகரில் வெளிப்பட்டது. இம்மூன்றின் கருவுறைப் புரதங்களும் முறையே 422, 413, 419 அமினோ அமிலங்களைக் கொண்டவை. மேர்ஸினது சற்று அகன்ற உறவு. ஆயினும் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே ஏறத்தாழ 90 விழுக்காடு ஒற்றுமை உண்டு. முட்புரதங்களில் இவ்வொற்றுமை இதைவிடக் குறைவு.

காரணத்தை ஊகிப்பது கடினமன்று. வெளியே நிற்கும் முள் நம் பிறபொருளெதிரிகளின் தாக்குதலை நேரே எதிர்கொள்கிறது, மாறினால் தப்பலாம். உள்ளே இருப்பது அத்தகைய நெருக்குதலுக்கு அத்துணை ஆளாவதில்லை. தவிரவும், ஆர்.என்.ஏயையும் தன் இணையையும் மென்சவ்வுப் புரதத்தையும் ஒருங்கே பற்ற வேண்டிய புரதத்தில் கண்டபடி மாற்றம் நிகழ்ந்தால் வைரஸே அழியும்.

எனினும், கருவுறைப் புரதம் மாறவே இல்லை என்று கூறுவது சரியன்று. அதன் விகாரங்கள் பெரிதும் குவிந்தது உறுதியான பகுதிகளிலன்று. தளர்ந்த இணைப்பில், குறிப்பாக 203 ஆம், 204 ஆம் இடங்களை அண்டி. 2020 இல் பரவிய ஒரு கிளையிலும் பின்னர் அல்பா, ஒமிக்ரோன் ஆகியவற்றிலும் இவ்விரு இடங்களும் மாறியிருந்தன. டெல்டாவில் 203 ஆம் இடம் வேறுவிதமாக மாறியது. இவற்றின் விளைவு என்ன? தொற்றை ஏற்படுத்தாத போலி வைரஸ் துகள்களைக் கொண்டு கலிபோர்னிய ஆய்வாளர்கள் 2021 இல் இதனைப் பரிசோதித்தனர். இவ்விடத்தின் சில விகாரங்கள், கலங்களுக்குக் கொண்டுசேர்க்கப்படும் செய்தியின் அளவை ஏறத்தாழ பத்து மடங்கு உயர்த்தின. உலகத்தின் கவனம் முழுவதும் முள்ளின் விகாரங்கள் மீதிருந்த வேளையில், செய்தியைப் பொதிகட்டும் திறனும் அமைதியாக உயர்ந்துகொண்டிருந்தது.

கோட்டின் பொருள்

இனி நாம் தொடக்கத்தில் விட்ட கோட்டுக்குத் திரும்புவோம். பரிசோதனைக்குக் கருவுறைப் புரதம் தெரிவுசெய்யப்பட்டமைக்கான காரணங்கள் இப்போது தெளிவாகும். அது தொற்றுற்ற கலத்தில் வைரஸ் உருவாக்கும் புரதங்களுள் மிக மிகுதியானது. முள் மாறும் வேகத்தில் அது மாறுவதில்லை. அது வைரஸின் உள்ளே இருப்பது உண்மையே. ஆயினும், பஞ்சுக்குச்சியைத் தோய்க்கும் குப்பியிலுள்ள திரவம் வைரஸின் கொழுப்பு உறையைக் கரைத்து அதனை வெளியே கொணர்கிறது. அட்டையில் இத்திரவம் ஊர்ந்து செல்லும்போது, நிறத் துகள்கள் ஒட்டப்பட்ட பிறபொருளெதிரிகள் முதலில் கருவுறைப் புரதத்தைப் பற்றுகின்றன. கோடு இடப்பட்ட இடத்தில் பொருத்தப்பட்டுள்ள வேறு பிறபொருளெதிரிகள் அதன் மறுபுறத்தைப் பற்றி நிறுத்துகின்றன. நிறத் துகள்கள் அங்கே குவியக் கோடு தெரிகிறது.

இதிலிருந்து இரு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, கோடு தோன்றப் புரதம் போதிய அளவில் இருக்க வேண்டும். பீ.சீ.ஆர் பரிசோதனை ஆர்.என்.ஏயைத் திரும்பத் திரும்ப இரட்டித்துப் பெருக்கிப் பார்ப்பது; அன்டிஜன் அட்டை எதனையும் பெருக்குவதில்லை. ஆதலால் தொற்றின் முதல் ஓரிரு நாட்களில், புரதம் குறைவாக இருக்கும்போது, கோடு தோன்றாதிருக்கலாம். ‘கோடில்லை’ என்பதற்கு ‘இவ்வேளையில் இம்மாதிரியில் போதிய புரதம் இல்லை’ என்பதே பொருள். ‘வைரஸ் இல்லை’ என்பதன்று. நோய்க்குறிகள் உள்ளவர் இரண்டு நாட்களின் பின்னர் மீண்டும் பரிசோதிக்க வேண்டும் என அறிவுறுத்தப்படுவது இதனாலேயே. வயோதிபரையோ நோயாளியையோ பார்க்கச் செல்பவருக்கு இவ்வேறுபாடு வெறும் சொல் நுணுக்கமன்று.

இரண்டாவது, தெளிவான கோடு பெரும்பாலும் வைரஸ் மிகுந்திருக்கும் நாட்களைச் சுட்டுகிறது. பிறருக்குத் தொற்றக்கூடிய நாட்களும் ஏறத்தாழ அவையே. பீ.சீ.ஆர் பரிசோதனையோ நோய் தீர்ந்து வாரங்கள் கழிந்த பின்னரும் எஞ்சிய ஆர்.என்.ஏத் துண்டுகளைக் காட்டக்கூடும். ஆகவே இவற்றுள் ஒன்று மெய், மற்றது பொய் என நோக்குதல் தவறு. இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை கூறுகின்றன.

இரத்தப் பரிசோதனையிலும் இப்புரதம் பயன்பட்டது. பைசர், அஸ்ட்ராசெனெகா போன்ற தடுப்பூசிகள் முட்புரதத்தை மாத்திரமே நம் உடலுக்கு அறிமுகப்படுத்தின. அவற்றைப் பெற்ற ஒருவரின் இரத்தத்தில் கருவுறைப் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி காணப்படின், அவருக்கு நோய் வந்து சென்றது எனக் கொள்ளலாம். ஆனால் 2021 இல் இலங்கையில் மிகப் பரவலாக வழங்கப்பட்ட சினோபார்ம், இந்தியாவின் கோவெக்ஸின் ஆகியன செயலிழக்கச் செய்யப்பட்ட முழு வைரஸைக் கொண்டவை. கருவுறைப் புரதமும் அவற்றில் அடங்கும். எனவே அவற்றைப் பெற்றவர்களிடம் இவ்வளவுகோல் அப்படியே செல்லாது. ஒரு நாட்டின் அளவுகோலை மற்றொரு நாட்டின் மீது ஆராயாது பொருத்துவது எத்தகைய பிழைக்கு இட்டுச்செல்லும் என்பதற்கு இதுவோர் எடுத்துக்காட்டு.

நெடுநாள் நினைவு

கருவுறைப் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகளால் வைரஸ் கலத்தினுள் நுழைவதைத் தடுக்க முடியாது; அவை தேடும் பொருள் உறைக்குள்ளே மறைந்திருக்கிறது. ஆயினும் நமது நிர்ப்பீடனத்தின் மற்றுமொரு பிரிவான டீ கலங்கள் வேறுவிதமாகத் தொழிற்படுகின்றன. தொற்றுற்ற கலம் தன்னுள் உருவாகும் புரதங்களின் சிறு துண்டுகளைத் தன் மேற்பரப்பில் எடுத்துக் காட்டும். உள்ளே எதுவும் மறைவாக இருக்க இயலாது. டீ கலங்கள் அத்துண்டுகளை அடையாளங்கண்டு அக்கலத்தை அழிக்கின்றன. கருவுறைப் புரதத்தின் 105 முதல் 113 வரையான ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு, குறித்த ஒரு மரபுக் குறி உடையவர்களிடம் வலிமையான எதிர்வினையை எழுப்புகிறது. சாதாரணத் தடிமனை உண்டாக்கும் கொரோனா வைரஸ்கள் சிலவற்றில் இத்துண்டு ஓர் எழுத்து வேறுபாட்டுடன் காணப்படுகிறது.

இந்நினைவு எத்துணைக் காலம் நிலைக்கும்? சிங்கப்பூரில் அன்டோனியோ பேர்ட்டொலெட்டியின் குழு 2020 இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு நம்பிக்கையூட்டுவது. 2003 இல் சார்ஸ் நோயுற்றுக் குணமடைந்த 23 பேரின் இரத்தத்தை அவர்கள் ஆராய்ந்தனர். பதினேழு ஆண்டுகள் கழிந்த பின்னரும் கருவுறைப் புரதத்தை நினைவில் வைத்திருந்த டீ கலங்கள் அவர்களிடம் இருந்தன. அவை அதுவரை தாம் கண்டிராத புதிய வைரஸின் கருவுறைப் புரதத்தையும் இனங்கண்டன.

அவ்வாறாயின் இப்புரதத்தையே தடுப்பூசியாக்கலாமே எனச் சிலர் வினவலாம். அம்முயற்சிகள் நடைபெறுகின்றன, ஆயினும் எச்சரிக்கை அவசியம். சார்ஸ் வைரஸின் கருவுறைப் புரதத்தை மாத்திரம் கொண்டு எலிகளில் செய்யப்பட்ட சில ஆய்வுகளில் பாதுகாப்பு ஏற்படவில்லை. மாறாக, பின்னர் வைரஸைச் செலுத்தியபோது நுரையீரல் அழற்சி கடுமையானதாக 2006 இலும் 2008 இலும் வெளியான ஆய்வுகள் தெரிவித்தன. முள்ளையும் கருவுறையையும் இணைத்து வழங்கும் முறைகள் இதன் காரணமாகவே பரிசீலிக்கப்படுகின்றன.

முடிவுரை

கருவுறைப் புரதம் ஒரே வேளையில் வைரஸின் பலமாகவும் அதனைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகவும் இருப்பதை நாம் கண்டோம். இறுகக் கட்டவும் இளகி அவிழவும் வேண்டிய இரட்டைக் கடமையே அதன் கட்டமைப்பைத் தீர்மானிக்கிறது. அக்கடமையிலிருந்து தப்ப முடியாமையால் அதன் உறுதியான பகுதிகள் பெரிதும் மாறுவதில்லை. மாறாததனால் நமது பரிசோதனைகள் அதனைக் கண்டுகொள்கின்றன. நமது உடலும் அதனை நெடுநாள் நினைவில் வைத்திருக்கிறது.

2003, 2012, 2019 ஆகிய ஆண்டுகளை நோக்கும்போது, நான்காவது கொரோனா வைரஸ் ஒன்று வரமாட்டாது என எவரும் உறுதி கூற முடியாது. அது வருமாயின் அதன் முள் எவ்வடிவினதாக இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லவியலாது. ஆயினும் நீண்டதோர் இழையை ஒரு சிறு பொதிக்குள் கட்டி, உரிய வேளையில் அவிழ்க்கும் புரதமொன்று அதனுள்ளும் இருந்தேயாக வேண்டும். அன்றும் நம் கைகளில் ஓர் அட்டை தரப்படலாம். அதில் கோடு இல்லாததைக் கண்டதும் வயது முதிர்ந்த தாயின் அறைக்குள் நுழைவதா, இன்னும் இரண்டு நாட்கள் பொறுப்பதா என்பதை அட்டை தீர்மானிப்பதில்லை. அதனை வாசிக்கக் கற்றவரே தீர்மானிக்க வேண்டும்.